“எந்தக் கம்பெனியில் ஆயில் வாங்கலாம்?” – வட அயர்லாந்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா, தங்கை, அண்ணன், தம்பிகளுக்கு,

செப்டம்பர் பிறந்தால் போதும், குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஆயிலைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி வந்துவிடும். “ஆயில் தீரப்போகுது, எந்தக் கம்பெனி நல்லது?” என்று ஒருவர் கேட்பார். பத்து நிமிடத்துக்குள் ஏழு பெயர் விழும். “நாங்க நாலு வருஷமா இவங்ககிட்டதான்” என்பார் ஒருவர். “அய்யோ, அவங்ககிட்ட மட்டும் போயிடாதீங்க” என்பார் இன்னொருவர். கேட்டவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முதலில் விழுந்த பெயருக்குப் போன் அடிப்பார். 2019இல் ஆஸ்பத்திரி வேலைக்காக இங்கே வந்து இறங்கியபோது நானும் அப்படித்தான் கேட்டேன். பிறகு மூன்று குளிர்காலம் அந்தப் பதிலைச் சொல்லுகிறவளாகவும் இருந்தேன். என் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் இந்தக் குழுவிலேயே பத்துப் பேராவது இருப்பீர்கள். அந்தக் கடனுக்காகத்தான் இந்த மடல்.

நான் சொன்ன பதில் தப்பு. கேள்வியே தப்பு என்பது அதைவிட மெதுவாகத்தான் உறைத்தது.

புதிதாக வந்தவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பின்பக்கம் சுவரோரமாகப் பச்சை நிறத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டேங்க் நிற்கிறதே, அதைத் தண்ணீர் டேங்க் என்று நினைத்து, வந்த அன்றே வீடியோ காலில் ஊருக்குக் காட்டியவள் நான். “சிண்டெக்ஸ் டேங்கை மாடியில வைக்காம ஏண்டி தரையில வெச்சிருக்காங்க?” என்று அம்மா கேட்டாள். அதில் இருப்பதுதான் இந்த ஆயில், பாய்லரில் எரிந்து வீட்டைச் சூடாக்கும் மண்ணெண்ணெய். கும்பகோணத்தில் ரேஷன் கடை வரிசையில் கேனைத் தூக்கிக்கொண்டு நின்று வாங்கினோமே, அதே சாதிச் சரக்கு. அங்கே நீலச் சாயம் போட்டிருப்பார்கள், இங்கே மஞ்சள். என் பாட்டி அதைச் சீமெண்ணெய் என்பாள், அப்பா கிருஷ்ணாயில் என்பார். சீமைக்கே போய்ச் சீமெண்ணெயில் குளிர் காயப்போகிறாள் பேத்தி என்று பாட்டிக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பாள்.

லண்டனிலும் மான்செஸ்டரிலும் இருக்கும் நம் சொந்தக்காரர்களிடம் இதற்கு யோசனை கேட்காதீர்கள். அவர்கள் வீட்டில் குழாயில் எரிவாயு வருகிறது. 2019 ஜனவரியிலிருந்து அங்கத்திய எரிசக்திக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்ஜெம் வைத்திருக்கும் விலை உச்சவரம்பு அவர்களுடைய கரண்டுக்கும் எரிவாயுவுக்கும் உண்டு. ஆயிலுக்கு அந்த வரம்பு அங்கேயும் கிடையாது. ஸ்காட்லாந்திலிருந்து கடலுக்கடியில் குழாய் போட்டு இந்த ஊருக்கு இயற்கை எரிவாயு கொண்டுவந்ததே 1996இல்தான். அது ஊர் ஊராகப் பரவுவதற்குள் வீட்டுக்கு வீடு ஆயில் பாய்லர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் வட அயர்லாந்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு வீடுகள் ஆயிலில்தான் சூடேறுகின்றன. இங்கே இருக்கும் யுட்டிலிட்டி ரெகுலேட்டர் கரண்டையும் எரிவாயுவையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்கிறது. ஆயில் அதன் கைக்குள் வராது. லிட்டருக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ரேஷன் கடையில் விலை ஊருக்கெல்லாம் ஒன்று, அளவில்தான் சந்தேகம். இங்கே அளவு மீட்டரில் சரியாக இருக்கும், விலைதான் காலைக்கு ஒன்று, கடைக்கு ஒன்று.

இனி என் கதை. நான் மூன்று வருஷம் ஒரே கம்பெனியில் வாங்கினேன். காரணம் அந்த லாரி டிரைவர். மழையில் வந்தாலும் சிரித்த முகம், பிள்ளைகளுக்குக் கை காட்டுவார், கேட்டை மறக்காமல் சாத்திவிட்டுப் போவார். விலை கேட்காமலே போன் போட்டு, “500 லிட்டர் கொண்டுவாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 2021 நவம்பரில் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் அந்த லாரி நிற்கும்போதே பக்கத்து வீட்டு வாசலில் வேறு கம்பெனி லாரி. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக நின்று பில்லை ஒப்பிட்டுப் பார்த்தோம். அதே நாள், அதே 500 லிட்டர். நான் 37 பவுண்ட் அதிகம் கொடுத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. “சிரிப்புக்கு விலை உண்டு, இல்லையா?” என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

அன்றைக்கு இரவு டியூட்டியில் கணக்குப் போட்டேன். மூன்று வருஷத்தில் எத்தனை தடவை வாங்கினேன், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போயிருக்கும் என்று. அந்த எண்ணை இங்கே எழுதவில்லை. என் கணவர் இந்த மடலைப் படிப்பார்.

இதில் முக்கியமானது, இரண்டு லாரியிலும் இருந்தது ஒரே எண்ணெய். வட அயர்லாந்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையே கிடையாது. தீவு முழுவதற்கும் ஒன்றே ஒன்று, கார்க் பக்கம் ஒயிட்கேட்டில் இருக்கிறது. நமக்கு வருவது பெரும்பாலும் கப்பலில் பெல்ஃபாஸ்டுக்கோ டெர்ரி பக்கத்துத் துறைமுகத்துக்கோ வந்து, அங்கிருக்கும் தொட்டிகளில் இறங்குகிறது. வெவ்வேறு பெயர் எழுதிய லாரிகள் அந்த டெர்மினல்களிலேயே வரிசையில் நின்று நிரப்பிக்கொள்கின்றன. தரமும் ஒரே எண்ணில் அடங்கிவிடும்: பிரிட்டிஷ் தரக்குறியீடான பி.எஸ். 2869, சி2 வகை. பழைய ஆட்கள் இதை ‘28 செகண்ட் ஆயில்’ என்பார்கள். ஆகவே, “அவங்க ஆயில் நல்லா எரியுது, இவங்க ஆயில் சீக்கிரம் தீருது” என்று குழுவில் எழுதுவதை நிறுத்துங்கள். சீக்கிரம் தீர்ந்தது என்றால் வெளியே குளிர் கூடியிருக்கும், இல்லை பாய்லர் சர்வீஸ் பார்த்து வருஷமாகியிருக்கும். மருந்து கலந்த ‘பிரீமியம்’ ஆயில் என்று சில கம்பெனிகள் கூடுதல் விலைக்குக் கொடுப்பார்கள். அது உங்கள் வீட்டுக்கு வேண்டுமா என்று விற்கிறவரிடம் கேட்காமல், சர்வீஸுக்கு வரும், ஆயில் பாய்லர் வேலைக்கான ஆஃப்டெக் அமைப்பில் பதிவுபெற்ற மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

ஆக, கம்பெனியின் பெயர் பெரிய விஷயமில்லை. எத்தனை லிட்டர், எந்த நாள், எந்தத் தெரு. விலை இந்த மூன்றில்தான் இருக்கிறது.

லிட்டரிலிருந்து தொடங்குகிறேன், அதிகப் பணம் போவது அங்கேதான். இங்கே விலை சொல்லும்போது 300, 500, 900 என்று மூன்று அளவுகளில் சொல்வார்கள். 900 என்பது என்ன கணக்கு என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர்தான் சொன்னார்: அந்தக் காலத்து 200 கேலன், ஏறக்குறைய 909 லிட்டர். கேலன் போய்விட்டது, பழக்கம் நிற்கிறது. நம் ஊரில் படி போனபின்னும் ‘ஒரு படி அரிசி’ என்கிறோமே, அதுபோல. லாரி ஒரு வீட்டுக்கு வந்து, குழாயை இழுத்து, பில் போட்டுக் கிளம்ப ஆகும் செலவு 300 லிட்டருக்கும் 900 லிட்டருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் அளவு குறையக் குறைய லிட்டர் விலை ஏறும். கணக்குக்காகச் சொல்கிறேன், இன்றைய விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்: 500 லிட்டர் 300 பவுண்ட் என்றால் லிட்டர் 60 பென்ஸ். அன்றைக்கே 300 லிட்டர் 198 பவுண்ட் என்றால் லிட்டர் 66. கையில் காசில்லாமல் பெட்ரோல் பங்கில் 20 லிட்டர் டிரம்மை 20 பவுண்டுக்கு வாங்கினால் லிட்டர் ஒரு பவுண்ட்! ஏழைக்குத்தான் எப்போதும் விலை அதிகம்.

புதிதாக வந்த குடும்பங்கள் அந்த டிரம்மில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் சம்பளம் வரவில்லை, வீட்டு முன்பணம் கொடுத்தாயிற்று, குழந்தைகளுக்குக் கோட்டு வாங்கியாயிற்று. 300 பவுண்டை ஒரே தடவையில் எடுத்து வைக்க முடியாது. எனக்கும் முடியவில்லை. அப்போது நாங்கள் செய்த அடுத்த தப்பு, ஆயிலை மிச்சம் பிடிக்கிறோம் என்று கரண்டில் ஓடும் ஃபேன் ஹீட்டர் இரண்டு வாங்கியது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் சுமார் 10 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்) சூடு இருக்கிறது. லிட்டர் 60 பென்ஸ் என்றால் யூனிட் 6 பென்ஸ். பாய்லர் விழுங்கும் பங்கைச் சேர்த்தால் 7 என்று வையுங்கள். கரண்ட் யூனிட் 30 பென்ஸ் என்றால் அதே சூட்டுக்கு நான்கு மடங்குக்கும் மேல். ஒரு ரூமில் அரை மணி நேரம் உட்கார மட்டும் ஹீட்டர் சரி. வீட்டையே அதில் காய வைத்தால் கரண்ட் பில் வரும் நாளில் குளிர் தெரியாது.

காசு சேர்க்க ஒரு வழி இங்கேயே இருக்கிறது, நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. பல கவுன்சில்களில் ஆயில் ஸ்டாம்ப் விற்கிறார்கள். தெருமுனைக் கடையில் 5 பவுண்டுக்கு ஒரு ஸ்டாம்ப் வாங்கி அட்டையில் ஒட்டிக்கொண்டே வரலாம். திட்டத்தில் சேர்ந்திருக்கும் கம்பெனியிடம் ஆயில் வாங்கும்போது அந்த அட்டையைக் காசாகக் கொடுக்கலாம். அஞ்சறைப் பெட்டியில் அம்மா போட்டு வைக்கும் சிறுவாட்டுப் பணம் மாதிரிதான், எடுத்து வேறு எதற்கும் செலவழிக்க முடியாது என்பது இதன் கூடுதல் அழகு. ஏப்ரலில் ஒட்டத் தொடங்கினால் அக்டோபரில் டிரம் தூக்க வேண்டியதில்லை.

அடுத்தது நாள். காலையில் கேட்ட விலை மாலையில் இருக்காது. நம் மண்ணெண்ணெயும் விமானத்துக்கு ஊற்றும் எரிபொருளும் நெருங்கிய சொந்தம். உலகச் சந்தையில் டாலரில் விலை போகிறது, டாலருக்கு எதிராகப் பவுண்ட் இறங்கினாலும் நமக்கு ஏறும். அதனால் போன வாரம் குழுவில் யாரோ போட்ட விலையை வைத்துக்கொண்டு கம்பெனிக்காரரிடம் சண்டை போடாதீர்கள். நுகர்வோர் நலனைப் பார்க்கும் கன்ஸ்யூமர் கவுன்சில் வாராவாரம் 300, 500, 900 லிட்டருக்குச் சராசரி விலை வெளியிடுகிறது. எனக்கு அது ஒரு படிக்கல். முதலில் அதைப் பார்ப்பேன். பிறகு, நம் பகுதிக்கு வரும் மூன்று நான்கு கம்பெனிகளிடம் ஒரே மணி நேரத்துக்குள், ஒரே அளவுக்கு, விலை கேட்பேன். ஒன்றிடம் திங்கட்கிழமை, இன்னொன்றிடம் வியாழக்கிழமை கேட்டு ஒப்பிடுவது ஒப்பீடே இல்லை.

கேட்கும்போது நான் விடாமல் கேட்பவை கொஞ்சம். 5 சதவீத வாட் வரி சேர்த்துச் சொல்கிறீர்களா, சேர்க்காமலா? இந்த விலை ஆர்டர் போட்ட நேரத்து விலையா, லாரி வரும் நாள் விலையா? எத்தனை நாளில் வரும், நாளைக்கே வேண்டுமென்றால் கூடுதலா? டேங்கில் 500 முழுக்கப் பிடிக்காமல் 430தான் இறங்கினால் லிட்டர் விலை மாறுமா? ஆர்டரை ரத்து செய்தால் என்ன பிடிப்பீர்கள்? இதை எல்லாம் முதல் தடவை இங்கிலீஷில் கேட்க எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன். ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இணையத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டதும் விலைகளை வரிசையாகக் காட்டும் தளங்கள் இருக்கின்றன. நல்ல வசதிதான். ஆனால் அவற்றில் எல்லாக் கம்பெனியும் இருக்காது. சில தளங்கள் விற்பனைக்கு நடுவில் நிற்கும் தரகர்கள். குறிப்பாக, இந்த ஊர்ப்பக்கம் இரண்டே லாரி வைத்து ஓட்டும் சின்னக் கம்பெனிகள் அதில் பெயர் கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கு இதுவரை கிடைத்த மலிவான விலை அப்படி ஒரு சின்னக் கம்பெனியில், போனில் கேட்டதுதான். மாதாமாதம் பணம் பிடித்துக்கொண்டு, டேங்க் குறையும்போது தானாக வந்து நிரப்பும் திட்டமும் உண்டு. அதில் சேரும் முன், நிரப்பும் அன்றைக்கு எந்த விலை போடுவீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். நம் பணம் அவர்கள் கையில், விலையும் அவர்கள் கையில் என்றால் அந்தத் திட்டத்தில் நமக்கு மிஞ்சுவது நிம்மதி மட்டும்தான். அதுவும் சிலருக்கு வேண்டியதுதான், குறை சொல்லவில்லை.

இப்போது 2022. அதைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. எங்கள் டேங்கில் அப்போது பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. “கோடை வந்துடும், பார்த்துக்கலாம்” என்று விட்டிருந்தேன். மார்ச் முதல் வாரத்தில் ஒரு கம்பெனியில் ஆர்டர் போட்டு உறுதியும் வாங்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் போன்: அந்த விலைக்குக் கொடுக்க முடியாது, புது விலைக்குச் சம்மதமா? சம்மதிக்கவில்லை. மறுநாள் விலை இன்னும் ஏறியிருந்தது. அந்த நாட்களில் 900 லிட்டர் 1,000 பவுண்டைத் தாண்டிப் போனது. இரண்டு கம்பெனியில் போனே எடுக்கவில்லை, ஒன்றில் பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் என்றார்கள். கடைசியில் 300 லிட்டர், வாழ்நாளில் அதிக விலைக்கு வாங்கினேன். அந்த வாரம் ராத்திரி முழுவதும் பாய்லரை அணைத்துவிட்டு, பிள்ளைகளை எங்கள் ரூமில் ஒன்றாகப் படுக்கவைத்துக்கொண்டோம். அந்தக் குளிர்காலத்துக்கு அடுத்ததில் அரசாங்கம் ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு 600 பவுண்ட் கொடுத்தது. 400 கரண்டுக்கென்றும் 200 மாற்று எரிபொருளுக்கென்றும் கணக்கு. வாங்கிக்கொண்டோம். மார்ச்சில் கொடுத்த விலை திரும்பி வரவில்லை.

“அப்போ கோடையிலேயே வாங்கி வெச்சுடலாம்” என்று அதற்குப் பிறகு குழுவில் ஒரு வேதம் கிளம்பியது. பெரும்பாலும் அது சரிதான், ஜூன் ஜூலையில் கூட்டம் இருக்காது. ஆனால் வேதமாக்காதீர்கள். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலருக்குப் போய் நின்றது. கோடை, மலிவு என்று அப்போது நிரப்பியவர்கள் டிசம்பரில் விலை சரிந்ததைப் பார்த்து நொந்திருப்பார்கள். 2020 ஏப்ரல் 20 அன்று, உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை சுழியத்துக்கும் கீழே போனது. அந்த வசந்தத்தில் இங்கே ஆயில் கொள்ளை மலிவு. நானோ கோவிட் வார்டில் நின்றுகொண்டிருந்தேன்; டேங்க் ஞாபகமே இல்லை. விலை எப்போது இறங்கும் என்று நமக்குத் தெரியாது. கம்பெனிக்காரருக்கும் தெரியாது. நம் கையில் இருப்பது, வாங்கியே தீரவேண்டிய நிலைக்கு வராமல் இருப்பது மட்டும். 2010 டிசம்பரில் டைரோனில் உள்ள காசில்டெர்க்கில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 18.7 டிகிரிக்குப் போனபோது லாரிகள் பனியில் நகர முடியாமல், ஆயிலுக்கு நாள்கணக்கில் காத்திருந்ததை டீச்சர் இன்றைக்கும் சொல்வார். பணம் இருந்தும் ஆயில் இல்லை.

அதற்கு ஒரே மருந்து, டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது. சில டேங்கில் மீட்டர் இருக்கும், அதுவும் பொய் சொல்லும். டீச்சர் ஒரு மூங்கில் குச்சி வைத்திருக்கிறார், தோட்டத்தில் அவரைக்கொடி ஏற்றும் குச்சிதான். மூடியைத் திறந்து குச்சியை அடிவரை விட்டு எடுத்து, ஈரம் எங்கே நிற்கிறதோ அங்கே கட்டைவிரலை வைத்து அளப்பார். ஊரில் கிணற்றில் கல் கட்டிக் கயிறு விட்டு ஆழம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நேர்ச் சுவராக நிற்கும் 1,200 லிட்டர் டேங்கில் ஆயில் ஏறும் உயரம் 120 சென்டிமீட்டர் என்றால், சென்டிமீட்டருக்கு 10 லிட்டர். எங்கள் சமையலறைக் காலண்டரில் மாதப் பிறப்பன்று எழுதிவிடுவேன். கால்வாசிக்கு முன்பே விலை கேட்கத் தொடங்குவேன். டேங்கைக் காலியாக விடாதீர்கள், அடியில் கிடக்கும் கசடு குழாயில் ஏறி, காற்றும் புகுந்துவிட்டால் பாய்லரை எழுப்ப ஆள் கூப்பிட வேண்டும். வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் சாவி வாங்கும் அன்றே குச்சியை விட்டு, ஈரத்தோடு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது “நிறைய இருந்துச்சே” என்று பேச்சு வராது.

லாரி வரும் அன்றைக்கு எங்கள் வீட்டில் நடக்கும் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ரேஷன் கடையில் நுரையோடு ஊற்றி ஏமாற்றுவார்கள் என்று பார்த்து வளர்ந்தவர் என் கணவர். முதல் தடவை லாரி வந்தபோது குடையைப் பிடித்துக்கொண்டு குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றார். டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை, டீ வேண்டுமா என்று கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து “பால் மட்டும், சர்க்கரை வேண்டாம்” என்றாராம். லாரியில் மீட்டர் இருக்கிறது, ஊற்றி முடித்ததும் எத்தனை லிட்டர் என்று சீட்டு அச்சாகி வரும். அந்த மீட்டரைச் சோதிக்க டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறை உண்டு. சீட்டைப் பத்திரமாக வைத்து, குச்சிக் கணக்கோடு ஒரு தடவை ஒத்துப் பாருங்கள், போதும். இவர் இன்றைக்கும் குடையோடு நிற்கிறார். இப்போது டீயும் கொடுக்கிறோம்.

மூன்றாவது தெரு. இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

2022க்குப் பிறகு எனக்கு ரோஷம் வந்தது. நம் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் என்ன? பொங்கலுக்குக் கரும்பு அப்படித்தானே தருவிக்கிறோம்! குழுவில் போட்டேன், ஞாபகமிருக்கும். 23 வீடு கை தூக்கினீர்கள். எல்லாவற்றையும் கூட்டி, பத்தாயிரம் லிட்டருக்கு மேல் என்று பெருமையாக ஒரு கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் முதலில் கேட்டது, “எல்லா வீடும் எங்கே இருக்கு?” ஆன்ட்ரிமில் ஐந்து, கிரேகாவனில் எட்டு, கோல்ரெய்னில் நான்கு, மிச்சம் பெல்ஃபாஸ்ட், ஓமா என்று சிதறிக் கிடந்தோம். அவர் சிரிக்காமல் சொன்னார்: “உங்கள் பத்தாயிரம் லிட்டரைவிட ஒரே தெருவில் ஆறு வீடு எனக்கு லாபம்.” லாரி ஓடும் தூரமும் டிரைவரின் நேரமும்தான் அவர்கள் செலவு. அவர்கள் விட்டுக்கொடுக்கும் தள்ளுபடியும் அதிலிருந்துதான் வர முடியும். நம் பாசம் டீசலை மிச்சப்படுத்தாது என்று அன்றைக்குப் புரிந்தது.

அந்த வாரமே டீச்சர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “நீ ஏன் நம்ம கிளப்பில் சேரலை?” என்று கேட்டார். ஐந்து வீட்டுக்கு அப்பால், சர்ச் ஹாலில், ஐந்து வருஷமாக ஓர் ஆயில் கிளப் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அவர்தான் நடத்துகிறார். மூன்று வருஷம் பக்கத்திலேயே இருந்துவிட்டு, முப்பது மைல் தள்ளியிருக்கும் நம் ஆட்களிடம் நான் விலை கேட்டுக்கொண்டிருந்தேன். “நீ கேட்கவே இல்லையே” என்றார். ஆமாம், கேட்கவில்லை. உச்சரிப்பைப் பற்றிய கூச்சம். கோவிலுக்குப் போகிற வீடு சர்ச் ஹாலுக்குப் போகலாமா என்ற தயக்கம் வேறு. அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை, எத்தனை லிட்டர் என்பதைத் தவிர.

கிளப் நடக்கும் விதம் ரொம்ப எளிது. மாதத்துக்கு ஒரு நாள் பட்டியல் மூடும். அதற்குள் யார் யாருக்கு எத்தனை லிட்டர் என்று டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் எல்லாவற்றையும் கூட்டி, நாலு கம்பெனிக்குப் போன் போட்டு, ஒரே நாள், இத்தனை வீடு, என்ன விலை என்று கேட்பார். குறைத்துச் சொன்னவருக்கு ஆர்டர். பணத்தை அவரவர் கம்பெனிக்கு நேராகக் கட்டுகிறோம், அவர் கையால் தொடுவதில்லை. 200 லிட்டர் மட்டும் வாங்கும் தனியாள் பாட்டிக்கும், 900 வாங்கும் பண்ணை வீட்டுக்கும் லிட்டர் விலை ஒன்று. பேரம் பேசும்போதே அதை முதல் நிபந்தனையாக வைத்துவிடுவார். ஒரு தடவைக்கு எனக்கு மிச்சமாவது 20, 25 பவுண்ட். பெரிய தொகை இல்லை. ஆனால் எனக்கு இப்போது விலை கேட்கும் வேலையே இல்லை. அரசின் வீட்டுவசதி அமைப்பான ஹவுசிங் எக்ஸிகியூட்டிவ் ஆதரவில் வட அயர்லாந்து முழுக்க இப்படிக் கிளப்புகள் இயங்குகின்றன. உங்கள் பகுதியில் எது என்று அவர்களிடமோ கன்ஸ்யூமர் கவுன்சிலிடமோ கேட்டால் சொல்வார்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வெறும் கையோடு போகக் கூசினால் இரண்டு வடையை எடுத்துப்போங்கள். டீச்சருக்கு மசால் வடை என்றால் உயிர்.

அதனால் அக்கா, தங்கை, அண்ணன், தம்பிகளே, குழுவை நிர்வகிக்கிறவர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். இனி யாராவது “எந்தக் கம்பெனி?” என்று கேட்டால் பெயர் சொல்லாதீர்கள். “டேங்கில் எத்தனை சென்டிமீட்டர் இருக்கு? உங்க தெருவில் யார் கிளப் நடத்துறாங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். நான் முன்னே சொன்ன அந்தப் பெயரை யாராவது இன்னும் ஃபார்வர்டு செய்துகொண்டிருந்தால், தயவுசெய்து அழித்துவிடுங்கள். அந்த டிரைவர் போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அந்தக் கம்பெனியில் சிரிப்பும் கிடையாது.

குழு கரும்புக்கு இருக்கட்டும், குழந்தைகளின் தமிழ் வகுப்புக்கு இருக்கட்டும், ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கருவடாம் கொடுத்தனுப்பச் சொல்ல இருக்கட்டும். ஆயிலுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் பாருங்கள்.

இந்த மாதப் பட்டியலை டீச்சர் புதன்கிழமை மூடுகிறார். இன்று காலை மழையில் குச்சியை விட்டுப் பார்த்தேன். 34 சென்டிமீட்டர். 500 என்று எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆன்ட்ரிம் பக்கத்திலிருந்து உங்களில் ஒருத்தி